புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் எந்தக் கணப்படுப்பு வாங்குவது?

லண்டனின் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடானாலும் ஈஸ்ட் ஹாமில் அதற்கும் முந்தைய வரிசை வீடானாலும், முன்னறையில் பழைய கணப்பிடம் ஒன்று பெரும்பாலும் பலகை வைத்து அடைத்தபடி இருக்கும். கேஸ் பில் ஏறும்போது அந்த இடத்தில் ஒரு வுட் பர்னர் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கடைக்குப் போனால் 'எகோடிசைன்', 'டெஃப்ரா அனுமதி', 'கிளியர்ஸ்கைஸ் 5' என்று ஒவ்வொரு அடுப்பிலும் ஒவ்வொரு வில்லை. மூன்றும் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கியவர்களுக்குத்தான் பிறகு கவுன்சிலிலிருந்து கடிதம் வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லண்டன் புறநகர் வீடு ஒன்றில், காய்ந்த விறகை மழை படாமல் அடுக்கி வைக்க இடம் இருந்தால், புகைக் கட்டுப்பாட்டு விலக்குப் பெற்ற அடுப்புகளின் பட்டியலில் உள்ள, 5 கிலோவாட்டுக்கு மேற்படாத விறகடுப்பே பொருத்தமானது. அந்த இடம் இல்லையென்றால் விறகடுப்பை வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் ஈர விறகை அது சுத்தமாக எரிக்காது.

சட்டம் எதைக் கேட்கிறது

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் விளைவாக 1956இல் வந்தது தூய காற்றுச் சட்டம். இன்று நடைமுறையில் இருப்பது அதன் 1993ஆம் ஆண்டு வடிவம். உள்ளூர் கவுன்சில் ஓர் இடத்தைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். லண்டனின் பெரும்பகுதியும் பர்மிங்ஹாம், மான்செஸ்டர் போன்ற நகரங்களின் பெரும்பகுதியும் இதற்குள் வருகின்றன. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் வரைபடத்திலோ கவுன்சிலின் இணையதளத்திலோ பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்வதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

இப்பகுதியில் இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட புகையில்லா எரிபொருளை எரிப்பது. ஆந்திரசைட் என்ற கடின நிலக்கரியும், 'புகையில்லாக் கரி' என்று மூட்டையில் விற்கும் அங்கீகாரம் பெற்ற கட்டிகளும் இதில் அடங்கும். இவற்றை எந்த அடுப்பிலும், திறந்த கணப்பிலும்கூட எரிக்கலாம். மற்றொன்று, விறகு எரிக்க வேண்டுமென்றால் விலக்குப் பெற்ற அடுப்பில் எரிப்பது. 'டெஃப்ரா அனுமதி' என்று பேச்சுவழக்கில் சொல்வது இந்த விலக்கைத்தான். திறந்த கணப்பில் விறகு எரிப்பதற்கு இங்கே இடமில்லை.

2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இது நீதிமன்றத்துக்குப் போகும் குற்றமாக இல்லாமல் கவுன்சிலே விதிக்கும் அபராதமாக மாறியது. புகைபோக்கியில் புகை கண்டால் 175 முதல் 300 பவுண்டு வரை. விலக்கில்லாத அடுப்பில் எரிக்க அங்கீகாரமற்ற எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு. அங்கே இருப்பவர்கள் அந்தந்த அரசின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

மூன்று வில்லைகள்

எகோடிசைன் என்பது 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் எல்லாப் புதிய அடுப்புகளுக்கும் பொதுவான தயாரிப்பு விதி. மூடிய விறகடுப்பின் புகைவாயுவில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமையும் கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பருவகால வெப்பத்திறன் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நகரமோ கிராமமோ, எங்கே விற்றாலும் இது பொருந்தும். ஆகவே 'எகோடிசைன்' என்று விளம்பரம் செய்வதில் சிறப்பு ஏதும் இல்லை. இன்று புதிதாக விற்க அதுதான் குறைந்தபட்சத் தகுதி.

புகைக் கட்டுப்பாட்டு விலக்கு தனிச் சோதனை. அடுப்பை முழு வீச்சில் மட்டுமல்லாமல் காற்றைக் குறைத்து மெல்ல எரிய விடும் நிலையிலும் சோதிக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் புகை வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. அடிப்படை வரம்பு 5 கிராம். அதற்கு மேல் அடுப்பின் வெப்ப அளவைப் பொறுத்துச் சிறு கூடுதல் உண்டு. எகோடிசைன் சோதனையில் தேறிய அடுப்பு இதில் தேறும் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் அந்த மெல்ல எரியும் நிலையில்தான். வீட்டில் இரவு நேரத்தில் அடுப்பு இருப்பதும் அந்த நிலையில்தானே.

கிளியர்ஸ்கைஸ் அரசுச் சட்டம் அல்ல. தொழில்துறை நடத்தும் தரவரிசை. 2ஆம் நிலை எகோடிசைன் மட்டும். 3ஆம் நிலையிலிருந்து எகோடிசைனும் விலக்கும் சேர்ந்தே இருக்கும். 4ஆம் நிலை எகோடிசைன் வரம்பைவிட 15 விழுக்காடு குறைந்த உமிழ்வு, 5ஆம் நிலை 30 விழுக்காடு குறைந்த உமிழ்வு. லண்டனில் வாங்குபவர் 3க்குக் கீழே பார்க்கவே வேண்டாம். எங்கள் பரிந்துரை 5. 2023 ஜனவரியில் வெளியான சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வைக்கும் புதிய அடுப்புகளுக்கு அந்த 5 கிராம் வரம்பை 3 கிராமாக்குவதாக அரசு அறிவித்தது. வரம்புகள் இறங்கும் திசையில்தான் போகின்றன. இருபது ஆண்டு உழைக்க வேண்டிய பொருளை விளிம்பில் தேறியதாகப் பார்த்து வாங்குவது சரியல்ல.

மாடல் பெயரோடு 'எஸ்.இ.' என்ற எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் புகை விலக்குள்ள வடிவம் என்று பொருள். அதே அடுப்பு அந்த எழுத்துகள் இல்லாமலும் விற்கப்படலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பட்டியலில் மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் வரியில் வேறு சில நிபந்தனைகளும் இருக்கும்: எந்த எரிபொருள், எந்தத் தேதியிட்ட கையேடு, இரண்டாம் நிலைக் காற்றுக் கட்டுப்பாடு (நெருப்பின் மேற்பகுதிக்குக் காற்று விடுவது) ஓர் அளவுக்கு மேல் மூடாதபடி நிரந்தரத் தடுப்பு பொருத்தியிருக்க வேண்டும் என்பன போன்றவை. அந்தத் தடுப்பு ஒரு சிறு திருகாகவோ தகடாகவோ இருக்கும். நெருப்பு இரவெல்லாம் நிற்கவில்லை என்று அதைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கழற்றிய கணமே அது விலக்குப் பெற்ற அடுப்பு என்ற தகுதியை இழக்கிறது. புகையும் அப்போதுதான் வரத் தொடங்கும்.

விறகு மட்டுமா, பல எரிபொருளா, பெல்லெட்டா

விறகுக்கு மட்டும் செய்த அடுப்பில் அடித்தளம் தட்டையாக இருக்கும். விறகு தன் சாம்பல் படுக்கையின் மேல், மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். கண்ணாடியின் உட்புறமாக இறங்கும் காற்றோட்டம் கண்ணாடியையும் சுத்தமாக வைக்கும். பின்சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே வரும் சூடான காற்று, விறகிலிருந்து கிளம்பும் வாயுக்களை அடுப்பறையின் மேற்பகுதியில் மறுபடி பற்றவைக்கிறது. புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள்தான். அதை எரிக்க அடுப்பறையின் மேற்பகுதி ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு நிற்பதற்காகத்தான் உள்ளே வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமப் பலகைகளைப் பதிக்கிறார்கள். பலகையில் மெல்லிய விரிசல் இருந்தால் கவலையில்லை. துண்டு விழுந்து இரும்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

பல எரிபொருள் அடுப்பில் கம்பித்தட்டும் அதன்கீழ் சாம்பல் தட்டும் இருக்கும். கரிக்குக் காற்று கீழிருந்து வர வேண்டும் என்பதால் இந்த அமைப்பு. புகையில்லாக் கரியின் அனுகூலம் அடர்த்தி. ஆந்திரசைட் ஒரு கிலோவில் 8 முதல் 9 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கும். காய்ந்த விறகில் 4தான். குறைந்த இடத்தில் சேமிக்கலாம், ஈரம் பற்றிய கவலை குறைவு, ஒருமுறை நிரப்பினால் பல மணி நேரம் கனலும். குறை என்னவென்றால் அது புதைபடிவ எரிபொருள். பெட்ரோலியக் கோக் கலந்த கரிகளில் கந்தகமும் உண்டு. அவற்றையும் விறகையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. விறகின் நீராவியும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கிக்குள் இறக்கியிருக்கும் துருப்பிடிக்காத எஃகு உட்குழாயை, அதாவது லைனரை, அரித்துவிடும். கரி எரிக்கப் போகிறீர்கள் என்றால் 316 தர லைனர் போதாது. 904 தரம் கேளுங்கள். இன்னொன்று: பல எரிபொருள் அடுப்பில் கரி எரிக்க விலக்கு தேவையில்லை, விறகு எரிக்கத் தேவை. 'மல்ட்டி ஃப்யூவல்' என்று எழுதியிருப்பதாலேயே லண்டனில் விறகு போடலாம் என்று ஆகிவிடாது.

'இரண்டுக்கும் ஆகுமே' என்று பல எரிபொருள் அடுப்பை வாங்குவது பரவலான பழக்கம். விறகுதான் எரிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கம்பித்தட்டின் இடைவெளியில் தணல் விழுந்து வீணாகும். கீழ்க்காற்றை யாராவது திறந்து வைத்தால் விறகு கொல்லுலை போல எரிந்து கம்பித்தட்டை வளைத்துவிடும்.

பெல்லெட் அடுப்பு இந்த மூன்றில் மிகச் சீராக எரிவது. எகோடிசைனில் அதற்கு நுண்துகள் வரம்பு 20 மில்லிகிராம், அதாவது விறகடுப்பில் பாதி; வெப்பத்திறன் குறைந்தது 79 விழுக்காடு. 6 மி.மீ. தடிமனுள்ள மரத்தூள் உருளைகளைத் திருகுத்தண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்தில் தள்ளும். விசிறி காற்றை அளந்து கொடுக்கும். மனிதக் கை தவறு செய்ய வழியில்லை. 5 கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் செலவாகும். ஆனால் மின்சாரம் இல்லையென்றால் நின்றுவிடும், விசிறிச் சத்தம் உண்டு, எரிகலத்தை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். மலிவான பெல்லெட்டில் தூள் அதிகமிருந்தால் திருகுத்தண்டு அடைக்கும், சாம்பல் உருகிக் கட்டியாகும். ஈஎன்பிளஸ் ஏ1 தரம் மட்டுமே வாங்க வேண்டும். அதில் ஈரம் 10 விழுக்காட்டுக்கும் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கும் மிகாது. இந்த அடுப்புக்கும் விலக்குப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நெருப்பின் அழகுக்காக வாங்குபவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். வீட்டைச் சூடாக்க வாங்குபவர்கள் தயங்காமல் பார்க்கலாம்.

பழைய திறந்த கணப்பைப் புகையில்லாக் கரியோடு அப்படியே வைத்திருப்பதும் சட்டப்படி சரிதான். ஆனால் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். நெருப்பு இல்லாத நேரத்திலும் அறையின் சூடான காற்றை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அளவு

ஈர விறகுக்கு அடுத்தபடியாகப் புகைக்குப் பெரிய காரணம் தவறான அளவுதான். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் ஏறத்தாழக் கிடைக்கும். காப்பு இல்லாத பழைய அறையானால் 10ஆல் வகுக்கலாம். புதிய, நன்கு காப்பிட்ட வீடானால் 25ஆல். 1930களின் வீட்டு முன்னறை 4.2 × 3.6 × 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 37.8, தேவை 2.7 கிலோவாட். நடுச்சுவரை இடித்து 8.5 மீட்டர் நீள அறையாக்கியிருந்தால்கூட 5.5தான். ஆனாலும் 'கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்' என்று 8 கிலோவாட் அடுப்பை வாங்குகிறோம். அரை மணியில் அறை வெந்துவிடும். காற்றைக் குறைப்போம். அடுப்பறை குளிரும், வாயுக்கள் எரியாது, கண்ணாடி கறுக்கும், புகைக்குழாயில் தார் படியும். படிந்த தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் அதுதான் புகைபோக்கித் தீ. சின்ன அடுப்பைக் கொழுந்துவிட்டு எரிய விடுவது, பெரிய அடுப்பை அடக்கி வைப்பதைவிட எல்லா வகையிலும் மேல்.

4.9 கிலோவாட் என்று பல அடுப்புகள் வருவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்துக் கட்டட விதிகளின் ஜே ஆவணப்படி, காற்றுக்கசிவு உள்ள பழைய வீடுகளில் 5 கிலோவாட்டைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. நிரந்தரக் காற்றுத் துளை வேண்டும். 8 கிலோவாட் அடுப்புக்கு 1,650 சதுர மி.மீ. குளிர்காற்று வருகிறதென்று அந்தத் துளையைத் துணி வைத்து அடைப்பது உயிருக்கு ஆபத்து. காற்றுப் புகாமல் கட்டிய புதிய வீட்டில் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தத் துளை கட்டாயம். அங்கே வெளிக்காற்றுக் குழாயை நேரடியாக இணைக்கும் வசதியுள்ள அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் தனியாக உண்டு. தாளிப்புப் புகைக்காகச் சக்திவாய்ந்த சமையலறை விசிறி வைத்திருப்போம். பின்பக்கம் நீட்டிக் கட்டி சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கியிருப்போம். அந்த விசிறி ஓடும்போது வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, அடுப்பின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். அதற்கு வாடை கிடையாது. பொருத்துபவரிடம் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்: சன்னல் வாசல்களை அடைத்து, உள்கதவுகளைத் திறந்து, எல்லா விசிறிகளையும் உச்ச வேகத்தில் வைத்து, அடுப்பு எரியும் நிலையில் புகைத்தீக்குச்சியால் பார்ப்பது. புகை குழாய்ப் பக்கம் இழுபட வேண்டும். அறைக்குள் சுருண்டு வந்தால் விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கூடுதல் காற்றுவழி வேண்டும், அல்லது அந்த அறையில் அடுப்பே வேண்டாம்.

புகைபோக்கி

பழைய செங்கல் புகைபோக்கியின் உட்புறம் ஏறத்தாழ 225 மி.மீ. சதுரம். சிறிய அடுப்பின் புகை அந்த அகலத்தில் குளிர்ந்து மெதுவாகிவிடும். அதனால் உள்ளே எஃகு லைனர் இறக்குகிறோம். வழக்கமான குறைந்தபட்ச விட்டம் 150 மி.மீ. விலக்குப் பெற்ற அடுப்பானால், தயாரிப்பாளர் கையேடு ஒப்பினால், 125 மி.மீ. போதும். ஒடுங்கிய பழைய புகைபோக்கியில் இந்த 25 மி.மீ. பெரிய உதவி. அடுப்பின் மேலிருந்து முனை வரை 4.5 மீட்டர் உயரம் இருந்தால் பொதுவாக இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் அழுத்தம், கிடைக்கும்; கையேடுகள் பெரும்பாலும் 12 பாஸ்கல் இழுவை கேட்கின்றன. வளைவு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெளிச்சுவரோடு ஒட்டிய புகைபோக்கியானால் லைனரைச் சுற்றிக் காப்பு போடச் சொல்லுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் வருடாவருடம் தாராகத் திரும்பி வரும்.

அறைக்குள் தெரியும் ஒற்றைச்சுவர்க் குழாயிலிருந்து மரச்சட்டம் போன்ற எரியக்கூடிய பொருளுக்கு, குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், 150 மி.மீ. குழாயானால் 450 மி.மீ. அலங்கார மர மேடை வைத்தவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அடுப்பு நிற்கும் தளத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது என்று சோதித்துச் சான்றளித்த அடுப்பானால் 12 மி.மீ. தடிமனுள்ள எரியாத பலகை போதும். இல்லையேல் 125 மி.மீ. திண்ணிய தளம் கட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள், கூரையிலானால் சுவரிலிருந்து குறைந்தது 300 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்தால், பல வீடுகளில் அடுப்பின் விலைக்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ பொருத்தும் செலவு ஆகும். வாங்கும் முன் புகைபோக்கியைப் பார்வையிடச் செய்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் அதற்கும் முன்பே நில உரிமையாளரின் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விறகு

5 கிலோவாட் அடுப்பு 80 விழுக்காடு திறனில் ஓடினால், 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு மணிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ போதும். அதில் உள்ள நீர் 300 கிராம். அதே வெப்பத்தை 50 விழுக்காடு ஈரமுள்ள பச்சை விறகிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 2.8 கிலோ தேவை. அதில் நீர் மட்டும் 1.4 கிலோ. அவ்வளவு நீரையும் ஆவியாக்க வேண்டிய அடுப்பறை 600 டிகிரியை எட்டவே எட்டாது. புகை அங்கேதான் பிறக்கிறது. விலக்குச் சோதனைகள் காய்ந்த விறகில் நடப்பவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. 'ரெடி டு பர்ன்' முத்திரை அதற்குத்தான். அதற்கு மேற்பட்ட அளவில் ஈர விறகையும் விற்கலாம், உலர்த்தும் வழியைச் சொல்லிக் கொடுத்தால் போதும். மொத்தமாக மலிவு என்று வாங்குபவர்கள் அதை உடனே எரிக்க முடியாது. பிளந்து அடுக்கி ஓராண்டாவது காத்திருக்க வேண்டும், ஓக் மரமானால் இரண்டு. குளிர்காலத்தில் 120 மாலைகள், நாலு மணி நேரம் வீதம் எரித்தால் சுமார் 700 கிலோ, அடுக்கினால் 1.5 முதல் 2 கன மீட்டர். தரையிலிருந்து உயர்த்தி, மேலே கூரை, பக்கங்களில் காற்று புகும் சட்டங்கள். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி வைத்தால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சூளையில் உலர்த்திய விறகும் ஈரமான கராஜில் சில வாரங்கள் கிடந்தால் மறுபடி ஈரம் ஏற்றுக்கொள்ளும்.

ஈரமானியைக் கட்டையின் வெளிப்புறத்திலோ முனையிலோ குத்திப் பார்ப்பதில் பயனில்லை. கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பரப்பின் நடுவில் குத்துங்கள். சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டின் பலகை, வர்ணம் பூசிய மரம், பிளைவுட், வேலிக்கட்டை எதையும் போட வேண்டாம். வேலிக்கட்டையில் ஆர்சனிக் கலந்த பூச்சு இருக்கலாம். அது சாம்பலிலும் தங்கும்.

பற்றவைப்பது மேலிருந்து கீழாக. அடியில் இரண்டு நடுத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் பத்துச் சுள்ளி, உச்சியில் ஒரு பற்றவைப்பான். காற்றை முழுக்கத் திறந்து கொளுத்துங்கள். மேலே எழும் கொழுந்து, கீழ்க்கட்டையின் வாயுவைப் போகிற வழியிலேயே எரித்துவிடும். நம் ஊர் வழக்கப்படி அடியில் காகிதத்தைத் திணித்துக் கொளுத்தினால் முதல் கால் மணி நேரம் தெருவுக்கே தெரியும். கட்டைகள் நன்றாகப் பிடித்த பிறகுதான் காற்றை மெல்லக் குறைக்க வேண்டும். அடுத்த கட்டையை, கொழுந்து அடங்கிச் செந்தணலாக இருக்கும்போது ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்து, காற்றைச் சில நிமிடம் திறந்து விடுங்கள். படுக்கப்போகும்முன் அடுப்பை நிரப்பிக் காற்றை மூடுவது, ஒரு வருடத்துத் தாரை ஒரு மாதத்தில் சேர்க்கும் பழக்கம்.

கதவை மெதுவாகத் திறவுங்கள். 2020இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடுகளில் அளந்தபோது, விறகு போடக் கதவைத் திறக்கும் நேரங்களில் அறையின் நுண்துகள் அளவு எகிறுவதைக் கண்டார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ இதயநோயுள்ள பெரியவரோ இருந்தால் எங்கள் பதில் நேரடியானது: விறகு வேண்டாம். மிகச் சிறந்த விறகடுப்பும் கேஸ் பாய்லரைவிடப் பல நூறு மடங்கு நுண்துகளை வெளியிடுகிறது. நெருப்பின் தோற்றம் மட்டும் போதுமென்றால் 2 கிலோவாட் மின்கணப்பு இருக்கிறது. புகைபோக்கியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

பழைய அடுப்பும் சான்றிதழும்

2022க்கு முன் பொருத்திய அடுப்பை அகற்ற வேண்டியதில்லை. விலக்குப் பட்டியலில் இருந்தால் விறகும் எரிக்கலாம். இணையத்தில் செகண்ட் ஹேண்ட் அடுப்பு வாங்குபவர்கள் தகவல் தகடு இருக்கிறதா, கையேடு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் கயிற்று அடைப்பு இற்றுப்போயிருந்தால் காற்று கட்டுப்பாட்டில் நிற்காது. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். உடலில் வெல்டிங் போட்ட தடம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புகைபோக்கியை விறகுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது, புகையில்லாக் கரிக்கு ஒருமுறையாவது துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பின் மேல்தடுப்புத் தகட்டையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்மேல் சேரும் புகைக்கரிதான் குழாயை அடைத்துப் புகையை அறைக்குள் தள்ளும். துடைத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தீ விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

பொருத்துபவர் ஹெட்டாஸ் போன்ற பதிவுத் திட்டத்தில் இருந்தால் தாமே சான்றளிப்பார். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். கையில் வரும் சான்றிதழில் அடுப்பின் மாடல் பெயர், லைனரின் தரம், அலாரம் வைத்த விவரம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அவர் கிளம்பும் முன் வாசித்துப் பாருங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார். அப்போது தேடிப் பிடித்துத் திருத்துவது கடினம்.